கோப்பைக்கு வெளியே சிந்திய தேநீர்: கல்லீரல் சீழ்க்கட்டி கண்வரை பரவிய ஒரு நிகழ்வு

காய்ச்சலோடு வருகிற நீரிழிவு நோயாளியிடம் "இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறதா?" என்று முதல் மணி நேரத்திலேயே கேட்டாக வேண்டும். இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம். எங்கள் நோயாளியிடம் அதைப் பதினோரு மணி நேரம் தாமதமாகக் கேட்டோம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சொந்த விவரங்கள் சிலவற்றை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 54 வயது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் வீடு, பட்டர்வொர்த்தில் மனைவியோடு ஒட்டுக்கடை நடத்துகிறார். காலையில் ரொட்டி சானாயும் தோசையும், மாலையில் தேநீர். முப்பது ஆண்டுகளாகத் தே தாரிக், அதாவது உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும் தேநீர், ஆற்றிப் பழகிய கை. இனிப்புநீர் (நீரிழிவு) வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சேர்க்கப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு மாத்திரைகளை நிறுத்திவிட்டார். மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று கடைக்கு வருகிற ஒருவர் சொன்னாராம். வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சை நான் கேட்கிறேன். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரைதான் என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் தொடங்கியது. இரண்டு போர்வை போர்த்தியும் பற்கள் கிட்டின என்றார் மனைவி. மூன்றாம் நாள் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். பினாங்கில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டிங்கி (டெங்கு), அதில் தவறில்லை. துரிதச் சோதனையில் டிங்கி இல்லை என்று வந்தது. ஆனால் தட்டணுக்கள் 1,18,000 என்று குறைந்திருந்ததால், அதுவாகவும் இருக்கலாம், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் மகளின் தொண்டை வலிக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் இருந்தது. அதையும் மூன்று நாள் விழுங்கினார். பிற்பாடு நாங்கள் கண்டுபிடித்த பாக்டீரியாவுக்கு அந்த மருந்தை எதிர்க்கும் தன்மை பிறவியிலேயே உண்டு. அதனால் பயன் ஏதுமில்லை. ஏதோ மருந்து உள்ளே போகிறது என்ற நிம்மதியில் மேலும் மூன்று நாள் கடந்ததுதான் மிச்சம்.

நான்காம் நாள் இடது கண் சிவந்தது. சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். ஆறாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு, எழுந்து நிற்க முடியாத நிலையில், மகன் அவரை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்.

காய்ச்சல் 39.2 பாகை. நாடித்துடிப்பு 118. இரத்த அழுத்தம் 98/60. நிமிடத்துக்கு 26 முறை மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் 93 விழுக்காடு. இரத்தச் சர்க்கரை 22.4 மில்லிமோல். வயிறு வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தார். வலப்பக்க விலா எலும்புகளின் இடைவெளியில் விரலை வைத்து அழுத்தியபோதுதான் முகத்தைச் சுளித்தார். கல்லீரலில் ஒரு பெரிய கட்டி இருந்தும் வயிற்று வலி என்ற சொல்லே நோயாளியின் வாயில் வராமல் போவது அரிதன்று. கல்லீரலின் சதைக்கு வலி தெரியாது. மேலுறை இழுபட்டால்தான் தெரியும். கட்டி பின்புறமாக, உதரவிதானத்தை ஒட்டி இருந்தால் தோளில் வலி தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தபோது டிங்கி என்ற எண்ணம் கலைந்தது. தட்டணுக்கள் 92,000 ஆக இறங்கியிருந்தன. ஆனால் வெள்ளை அணுக்கள் 19,800. டிங்கியில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறையும். இங்கே இரு மடங்காக ஏறியிருந்தன. கடுமையான பாக்டீரியாத் தொற்றிலும் தட்டணுக்கள் விழும் என்பதை இந்த ஊரில் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் மிக உயர்ந்திருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது. கல்லீரல் நொதிகள் ஓரளவே உயர்ந்திருந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 12.1 விழுக்காடு. மார்பு எக்ஸ்-ரேயில் வலது உதரவிதானம் மேலே தூக்கி நின்றது. இரண்டு நுரையீரல்களின் ஓரங்களிலும் நாணயங்களைச் சிதறியதுபோல் வட்ட நிழல்கள்.

தூக்கி நிற்கும் உதரவிதானத்தைப் பார்த்ததும் இரவுப் பணி மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியைப் படுக்கைக்கே கொண்டுவரச் செய்தார். வலது மடலில் கட்டி தெரிந்தது. நள்ளிரவுக்குள் சி.டி. ஸ்கேன் முடிந்தது: கல்லீரலின் ஏழாம், எட்டாம் பகுதிகளில் 7.8 சென்டிமீட்டர் அளவில், தேன்கூட்டைப்போல் அறை அறையாகப் பிரிந்த சீழ்க்கட்டி. பாதிக்கு மேல் இன்னும் நீர்க்காமல் கெட்டியாகவே இருந்தது. அதை ஒட்டிய வலது கல்லீரல் சிரையில் இரத்தக் கட்டு. நுரையீரலில் பல சிறு முடிச்சுகள், சில நடுவில் குழிந்தவை. மண்ணீரலும் சுக்கியன் (புராஸ்டேட்) சுரப்பியும் சுத்தமாக இருந்தன. இரத்த வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு இணை மாதிரிகள் எடுத்துவிட்டு மெரோபெனெம், மெட்ரோனிடாசோல் என்ற இரண்டு கிருமிக்கொல்லிகளையும் தொடங்கினார்கள். அந்த இரவு அதுவரை நடந்த எதிலும் குறை சொல்ல இடமில்லை.

குறை ஒரே வரியில் இருந்தது. சேர்க்கைத் தாளில் "இடது கண் சிவப்பு, வெண்படல அழற்சி, சொட்டு மருந்து தொடர்க" என்று எழுதியிருந்தது.

காலை எட்டு மணிக்கு நான் வார்டுக்குப் போனேன். நோயாளி அரைத் தூக்கத்தில் இருந்தார். மனைவி படுக்கையின் அருகில் நின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கண் எப்போது சிவந்தது என்று கேட்டேன்.

"மூன்று நாளாகச் சிவப்பு, டாக்டர். முந்தாநாள் சாயந்திரம் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. காய்ச்சல் களைப்பு என்று நினைத்து, நீங்கள் உட்காருங்கள் என்று நானே வாங்கி ஆற்றினேன்."

தேநீர் ஆற்றுகிறவரின் கைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும். மேல் குவளையிலிருந்து விழும் இழை கீழ்க் குவளையின் வாய்க்குள் இறங்குவதற்குத் தூரம் சரியாகத் தெரிய வேண்டும். தூரத்தை அறிய இரண்டு கண்ணும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள கை மூன்று முறை தவறுகிறது என்றால் தவறியது கையாக இருக்காது. அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வலது கண்ணை உள்ளங்கையால் மூடிவிட்டு, பயிற்சி மருத்துவர் மூன்று விரல்களைக் காட்டினார். "விரலா, தம்பி? ஏதோ அசைகிறது. அவ்வளவுதான் தெரிகிறது" என்றார் அவர். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். கருவிழிக்குப் பின்னால், அடிப்பக்கத்தில், நகத்தின் வேரில் தெரியும் வெள்ளைப் பிறையைப்போல ஒரு கோடு: கண்ணின் முன்னறையில் தேங்கிய சீழ். கண்ணோக்கியில் பார்த்தால் ஆரோக்கியமான கண்ணின் பாவையில் ஆரஞ்சு நிற ஒளி திரும்பும். வலது கண்ணில் அது இருந்தது. இடது கண்ணில் சாம்பல் நிறம் மட்டும். வெண்படல அழற்சியில் கண் சிவக்கும், உறுத்தும், பீளை தள்ளும், பார்வை போகாது. சிவந்த கண்ணில் பார்வையைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கை போதும். அதை இரவிலேயே செய்திருக்கலாம்.

கண் மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தார். கண்ணின் அல்ட்ராசவுண்டில் உள்கூழ் முழுவதும் கலங்கியிருந்தது; விழித்திரைக்கு அடியில் ஒரு சிறு சீழ்க்கட்டியும் இருந்தது. நண்பகலுக்கு முன்பே கண்ணின் உள்ளே வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராம், இரண்டையும் தனித்தனி ஊசிகளில் செலுத்தினார். சிரை வழியாக ஏற்றும் மருந்து கண்ணின் உள்கூழுக்குள் போதிய அளவு போய்ச் சேராது. இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது. ஆகவே மெரோபெனெம் இரவே தொடங்கிவிட்டதால் கண்ணுக்கும் சேர்த்து வைத்தியம் நடந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ள வழியில்லை.

இரத்த வளர்ப்புப் புட்டிகள் பதினான்காம் மணி நேரத்திலேயே நேர்மறையாயின. கிராம் சாயத்தில் பருத்த, இளஞ்சிவப்புக் கோல்கள். மறுநாள் ஆய்வக நுட்பர் என்னை அழைத்துத் தட்டைக் காட்டினார். பாலாடைபோல் பளபளத்த கூட்டங்கள். அவர் வளையக் கம்பியால் ஒன்றைத் தொட்டு மெல்ல மேலே தூக்கினார். அது அறுபடவில்லை; நூலாக நீண்டது. அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது இரு விரலுக்கிடையில் பதம் பார்ப்போமே, அந்தக் கம்பிப் பதம். நூல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சோதனை நேர்மறை என்று கணக்கு. இது நான்கு சென்டிமீட்டர் போயிருக்கும். கிளெப்சியெல்லா நியூமோனியே, அதிலும் மிகைவீரியமுள்ள வகை.

அந்தப் பிசுபிசுப்புதான் இந்த நோயின் கதை முழுவதும். இந்தப் பாக்டீரியாவைச் சுற்றித் தடித்த சர்க்கரைக் கூடு இருக்கிறது. நம் வெள்ளை அணுக்கள் அதைப் பற்றிப் பிடித்து விழுங்க முயலும்போது கூடு வழுக்கிவிடுகிறது. கே1, கே2 என்ற இரண்டு வகைக் கூடுகள் இதில் பேர்பெற்றவை. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும்போது வெள்ளை அணுக்களின் விழுங்கும் திறன் இந்த இரு வகைகளிடமும் இன்னும் தளர்கிறது. குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும் பாக்டீரியா, குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் வாயிற்சிரை வழியாக ஏறிக் கல்லீரலில் தங்குகிறது. பித்தப்பைக் கல்லோ குடலில் ஓட்டையோ எதுவும் தேவையில்லை. இவரிடமும் அவை இல்லை.

அங்கிருந்து வெளியேறும் வழி கல்லீரல் சிரை. எங்கள் நோயாளியின் சிரையில் இருந்த இரத்தக் கட்டு சாதாரணக் கட்டு அன்று. பாக்டீரியா ஊறிய கட்டு. அதிலிருந்து உதிரும் துணுக்குகள் இதயத்தின் வலப்பக்கம் சென்று நுரையீரலில் முதலில் சிக்குகின்றன. எக்ஸ்-ரேயில் தெரிந்த நாணய நிழல்கள் அவைதாம். நுரையீரலின் சல்லடையைத் தாண்டிப் போகும் பாக்டீரியா இடப்பக்க இதயத்தை அடைந்து உடலெங்கும் போகிறது. கண்ணுக்கும் மூளைக்கும் இரத்த ஓட்டம் செழிப்பு. தங்க வசதியான இடங்கள். முதுகெலும்பு, சுக்கியன், தொடைத் தசை ஆகியவற்றிலும் இது சீழ் வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

1986இல் தைவான் மருத்துவர்கள், கல்லீரல் சீழ்க்கட்டியோடு கண்ணிலும் சீழ் வைத்த ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு கொரியா, சிங்கப்பூர், ஹாங்காங், மலேசியா என்று ஆசியா முழுவதும் இதே படம் தெரியத் தொடங்கியது. இந்த நாட்டில் 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடம் மற்ற இனத்தாரைவிட அதிகம். இந்த நோய் நம் வீடுகளுக்கு நெருக்கமானது என்று நான் சொல்வது அதனால்தான்.

மெரோபெனெமை ஏன் தேர்ந்தோம் என்று சிலர் கேட்கலாம். கிளெப்சியெல்லாவுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் என்ற கிருமிக்கொல்லி போதுமே? போதும். ஆனால் முதல் இரவில் அது கிளெப்சியெல்லா என்று யாருக்கும் தெரியாது. மலேசியாவில் நீரிழிவு நோயாளிக்குக் கல்லீரலிலும் நுரையீரலிலும் ஒரே நேரத்தில் சீழ்க்கட்டிகள் என்றால் மெலியோய்டோசிஸை ஒதுக்கிவிட்டு மருந்து எழுதக்கூடாது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் நோய் அது, மழைக்காலத்தில் கூடும். செஃப்ட்ரியாக்ஸோனை நம்பி அதை எதிர்கொண்டால் நோயாளியை இழக்க நேரும். செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ வேண்டும், பின்னர் மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும். அந்த நோய்க்குப் பெயர் வைத்ததே கோலாலம்பூரில்தான்: மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டாண்டன், ஃபிளெட்சர் இருவரும் 1921இல் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். நம் மண்ணோடு இத்தனை காலம் பழகிய நோயை நம் மருத்துவர்களே மறக்கலாமா?

வளர்ப்பு முடிவு உறுதியானதும் செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினோம். மூளைக்குள்ளும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அந்த இரட்டை அளவு. அமீபாவுக்கான சோதனை எதிர்மறையாக வந்ததும் மெட்ரோனிடாசோலை நிறுத்தினோம். செஃப்ட்ரியாக்ஸோனுக்குக் கட்டுப்பட்டது இவருடைய நல்ல காலம். மிகைவீரியமும் மருந்தெதிர்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த வகைகள் பரவுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் எச்சரித்திருக்கிறது. அப்படியொரு வகை இவருக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பின்பாதி வேறாக இருந்திருக்கும்.

கட்டியிலிருந்து சீழை எடுப்பது எளிதாக நடக்கவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாம் நாள் அல்ட்ராசவுண்ட் துணையோடு விலாவுக்கிடையே குழாய் வைத்தார்கள். 20 மில்லிலிட்டர்தான் வந்தது. உளுந்து மாவைப்போல் கெட்டி. கிளெப்சியெல்லாக் கட்டிகள் தொடக்கத்தில் இப்படித்தான் நீர்க்காமல் இருக்கும், குழாயும் அடைத்துக்கொள்ளும். குழாய் தோற்றுவிட்டது என்று அவசரப்பட்டு அறுவைக்குத் தாவ வேண்டியதில்லை. நாளுக்கு மூன்று முறை உப்புநீர் விட்டு அலசினோம். ஐந்தாம் நாள் பெரிய குழாயாக மாற்றினோம். கொஞ்சம் கொஞ்சமாக 400 மில்லிலிட்டருக்கு மேல் வெளியேறியது. எட்டாம் நாள்தான் காய்ச்சல் முழுவதும் இறங்கியது. அந்த ஒரு வாரமும் "மருந்து வேலை செய்கிறதா, டாக்டர்?" என்று மகன் ஒவ்வொரு காலையும் கேட்டார். இந்த அளவுக் கட்டிக்கு ஒரு வாரம் காய்ச்சல் நீடிப்பது வழக்கம்தான் என்று ஒவ்வொரு காலையும் சொன்னேன். பதினாறாம் நாள் குழாயை எடுத்தோம்.

ஐந்தாம் நாள் தலைவலி என்றார். கழுத்து விறைக்கவில்லை, கைகால் பலம் குறையவில்லை. ஆனாலும் கண்ணுக்குப் போன பாக்டீரியா மூளைக்கும் போயிருக்கலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வலது பக்க மூளையில் 4, 6 மில்லிமீட்டரில் இரண்டு புள்ளிகள். அறுவை தேவைப்படாத அளவு; ஆனால் சிகிச்சையின் காலத்தை அவையே தீர்மானித்தன. நான்கு வாரம் என்று நினைத்திருந்த ஊசி மருந்து ஆறு வாரம் ஆனது. கல்லீரல் சிரையின் கட்டுக்கு இரத்தம் இளக்கும் மருந்து கொடுப்பதா என்று குழுவில் பேசினோம். மூளையில் புள்ளிகள் இருக்கும்போது இரத்தக்கசிவு ஆபத்து பெரிது என்று முடிவு செய்து கொடுக்காமல் விட்டோம். ஆறாம் வார ஸ்கேனில் சிரை தானாகவே திறந்திருந்தது.

கண்ணைப் பற்றி எழுதுவதுதான் கடினமாக இருக்கிறது. 48 மணி நேரம் கழித்து இரண்டாம் முறை ஊசி போடப்பட்டது. நான்காம் நாள், நோயாளி மயக்க மருந்தைத் தாங்குவார் என்ற நிலை வந்ததும், உள்கூழை அகற்றும் அறுவையும் நடந்தது. விழித்திரை ஏற்கெனவே நைந்திருந்தது. கண்ணை எடுக்க நேரவில்லை, தொற்றும் அடங்கியது. பார்வை, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும் அளவோடு நின்றுவிட்டது. பதினோரு மணி நேரம் முந்தியிருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று அவருடைய மகள் என்னிடம் நேராகக் கேட்டார். பார்வை அதற்கு ஒரு நாள் முன்பே குறையத் தொடங்கிவிட்டது, இந்தப் பாக்டீரியா கண்ணில் புகுந்தால் முந்திக்கொண்டாலும் பல கண்கள் போய்விடுகின்றன, ஆனால் எங்களுக்கிருந்த வாய்ப்பை நாங்கள் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்று பதில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, வலது கண்ணை இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று கேட்டார். இரண்டு கண்களிலும் பரவுவது உண்டு என்பதால், வார்டில் இருந்த வரை நாள்தோறும் வலது கண்ணைப் பாவை விரித்துப் பார்த்தோம். அது கடைசிவரை சுத்தமாக இருந்தது.

அந்த வாரமே எங்கள் வார்டின் சேர்க்கைத் தாளில் ஒரு கட்டம் சேர்த்தோம். கல்லீரல் சீழ்க்கட்டி என்று சந்தேகம் எழுந்தவுடன், ஒவ்வொரு கண்ணாக மூடி விரல் எண்ணச் சொல்ல வேண்டும். முடிவை எண்ணாக எழுத வேண்டும். கிளெப்சியெல்லா உறுதியானால், நோயாளி குறை சொல்லாவிட்டாலும் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். களைத்துக் கிடக்கிற, ஒரு கண்ணால் சமாளித்துக்கொள்கிற நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். வீட்டாரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: எதையாவது தட்டிவிட்டாரா, படியில் தடுமாறினாரா, சாவி துவாரத்தைத் தேடினாரா?

மூன்றாம் மாதம் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை செய்தோம். வேறு காரணம் தெரியாத கிளெப்சியெல்லாக் கட்டி வந்தவர்களில் சிலருக்குக் குடலில் புற்றுநோய் மறைந்திருப்பதைத் தைவான், கொரியா மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இவருக்கு 8 மில்லிமீட்டரில் ஒரு முளை (பாலிப்) இருந்தது, அப்போதே நீக்கினோம். புற்றுநோய் இல்லை.

ஆறாம் மாதம் எச்.பி.ஏ.1சி 7.1. இரவில் ஒரு இன்சுலின் ஊசி, காலையும் மாலையும் மாத்திரை. மாத்திரை டப்பா இப்போது கடையில், சர்க்கரை டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். காலை ரொட்டி கூட்டம் குறைந்ததும் மனைவியே எடுத்துக் கொடுக்கிறார். கணவர் கல்லில் ரொட்டி போடுகிறார். தேநீரை மகன் ஆற்றுகிறார்.